கோணினால் நார்டன், நேராகப் போனால் ஜிலேரா

1940களின் கடைசியில் பர்மிங்காமின் நார்டன் மோட்டார்சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். 'நெருங்க முடியாத நார்டன்' என்று விளம்பரமே போட்டுக்கொண்டவர்கள். இத்தாலியின் ஜிலேராவோ நாலு சிலிண்டரோடு வந்து நெருங்கியது மட்டுமல்ல, நேர் ரோட்டில் தாண்டியும் போனது.

நார்டனின் ரேஸ் பைக்கான மேங்ஸுக்கு ஒத்தை சிலிண்டர்தான். குளிர்காலம் வந்தால் ரேஸ் மேனேஜர் ஜோ கிரெய்க் அந்தக் கிழ எஞ்சினைப் பிரித்துப் போட்டு, இன்னும் அரைக் குதிரைத்திறன் தேறுமா என்று பிழிவார். அதற்கு இழுவை உண்டு, ஆனால் ஆர்பிஎம் இறங்கக் கூடாது. இறங்கினால் மெகாஃபோன் சைலன்சர் இருமும். ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில் கவர்னர்ஸ் பிரிட்ஜ் கொண்டை ஊசியில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக் கெஞ்சித்தான் எஞ்சினை வெளியே கூட்டிவர வேண்டும். அதைத் தாங்கிய பழைய ஃபிரேமுக்கோ 'தோட்டத்துக் கேட்' என்று பட்டப்பெயர்.

இதற்கு மருந்தோடு பெல்ஃபாஸ்டிலிருந்து வந்தார் ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ். உங்கள் வண்டி ரோட்டைப் பிடிக்கவில்லை என்று நார்டன் முகத்துக்கு நேரே சொன்னவர். அவர் போட்ட புது ஃபிரேமில் இடப்பக்கம் ஒரு குழாய் வளையம், வலப்பக்கம் ஒன்று, இரண்டும் ஹேண்டில் கழுத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், பற்றவைப்பு வெண்கலத்தில். எஞ்சின் முன்னே தள்ளி உட்கார்ந்தது, பின்னால் ஸ்விங் ஆர்ம். ஓட்டிப் பார்த்த நார்டன் ரேஸர் ஹரோல்ட் டேனியல் இறகு மெத்தைபோல இருக்கிறது என்றாராம். 'ஃபெதர்பெட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. (கண்பார்வை போதாதென்று ராணுவம் வேண்டாம் என்ற மனிதர் இவர். பார்வை போனாலென்ன, இருக்கைக்குக் கீழே நடப்பது தெரியாதா!)

எஞ்சினில் ஒரு ஸ்குரூவைத் திருகாமலே இழுவை கூடியதுபோல் ஆனது. வளைவில் வேகம் குறையாவிட்டால் ஆர்பிஎம் ஏன் இறங்கப்போகிறது? 1950 சீனியர் டிடியில் முதல் மூன்று இடமும் நார்டனுக்கு. முதலாவது ஜெஃப் டியூக். அந்த ஆண்டு உலகப் பட்டத்தை மட்டும் டயர் தின்றது. முன்னணியில் போகும்போதே டயரின் மேல்தோல் உரிந்து போக, ஒரே ஒரு புள்ளியில் ஜிலேராவின் மசெட்டி தட்டிக்கொண்டு போனார். 1951-இல் டியூக் 350, 500 சிசி பட்டங்கள் இரண்டையும் வாரிச் சுருட்டினார்.

நாலு சிலிண்டர் எஞ்சின் வரும் வரும் என்று நார்டனில் காத்திருந்து அலுத்த டியூக், 1953-இல் ஜிலேராவுக்கே போய்விட்டார். போனவர் சும்மா இருப்பாரா? வளைவில் தள்ளாடிய ஜிலேராவின் ஃபிரேமையும் திருத்த வைத்து, 1953, 54, 55 என்று வரிசையாக மூன்று பட்டம் அடித்தார். 500 சிசி ரைடர் பட்டம் நார்டனுக்குக் கிடைத்தது அந்த 1951-இல் மட்டும்தான்.