கட்டியங்காரன் வாயைக் கட்டு

பங்குனி பிறந்தால் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கூத்து ஜமாவுக்கு அச்சாரம் கொடுத்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் காவல் நிலையத்துக்கு நடையைக் கட்டுவார்கள். அங்கே ஒரு நிபந்தனைத் தாள் காத்திருக்கும். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கென்று எழுதியது. கூத்து, நாடகம் என்று கேட்டு வருகிறவர் கையிலும் அதையேதான் திணிக்கிறார்கள். ஆபாசம் கூடாது. இரட்டை அர்த்தம் கூடாது. சாதி, மதம் பற்றிப் பேச்சோ பாட்டோ கூடாது. எந்தக் கட்சியையும் தலைவரையும் தொடக்கூடாது. குடித்துவிட்டு மேடை ஏறக்கூடாது. அசம்பாவிதம் எதுவானாலும் ஏற்பாட்டாளரே பொறுப்பு. மீறினால் அந்த நிமிடமே நிறுத்தப்படும்.

படித்தவுடன் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவ்வளவு அருமையான தாளை ஏன் கூத்துக்காரரிடம் கொடுத்து வீணடிக்கிறார்கள்? இதைத் தேர்தல் பொதுக்கூட்ட மேடைப் படியில் வைத்து, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினால் எப்படி இருக்கும்! சாதி கூடாது என்றால் வேட்பாளர் தேர்வே நடக்காது. இரட்டை அர்த்தம் கூடாது என்றால் நட்சத்திரப் பேச்சாளர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும். குடித்தவர் கூடாது என்றால் பந்தலில் நாற்காலிதான் மிஞ்சும். ஏழு மணிக் கூட்டம் ஏழேகாலுக்கு நாட்டுப் பண் பாடிக் கலைந்துவிடும்.

ஆனால் சட்டத்துக்கு ஆள் தெரியும். அதன் பயமெல்லாம் அரிதாரம் பூசியவன் பேரில்தான். அதிலும் கட்டியங்காரன் பேரில்.

கூத்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். திரைக்குப் பின்னால் துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சலங்கை அதிர நிற்பான். முன்னால் இருக்கும் கட்டியங்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்து, யாருய்யா நீ, எந்த ஊரு, இவ்வளவு ஜோடனை எதுக்கு என்று கேட்பான். அஸ்தினாபுரத்து மன்னனே தன் பேரையும் ஊரையும் சொல்லித்தான் சபைக்குள் நுழைய முடியும். சூதாட்டத்தின் நடுவே ரேஷன் கடை எடைக்கல் வரும். துகில் உரியும்போது நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி வரும். முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பிரமுகர் சிரிக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் நெளிவார். ஆட்சியில் இருப்பவன் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஒரே இடம் இந்த நாட்டில் அந்த நாலு கோல் பந்தல்தான். அதற்குத்தான் வாய்ப்பூட்டு.

பூட்டு புதிதல்ல. வெள்ளைக்காரன் 1876-இல் நாடகங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டான். நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் வேலன் வேஷத்தில் தேசபக்திப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனார். கடைசியில் 1940-இல் சென்னையில் வள்ளி திருமணம் மேடையில், முருகன் வேஷத்திலேயே உயிர் போயிற்று. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை அடக்க 1954-இல் நம் மாநிலத்துக்கென்றே தனியாக ஒன்று செய்துகொண்டோம். கதை வசனத்தைப் போலீஸிடம் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகே நாடகம் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பின் வந்தவர்கள் யார்? நாடகம் எழுதி, நாடகம் நடித்து, நாடகத்தாலேயே கோட்டை ஏறியவர்கள். அண்ணா நாடகாசிரியர், நடிகரும்கூட. கருணாநிதிக்குக் ‘கலைஞர்’ என்ற பட்டத்தைச் சூட்டியதே ராதா என்பார்கள். அந்த ராதாவுக்காகச் செய்த விலங்கு, பட்டம் பெற்றவர் ஐந்து முறை முதலமைச்சராக இருந்தும் கழற்றப்படவில்லை. எம்.ஜி.ஆர். நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர். அவரும் கழற்றவில்லை. ஜெயலலிதாவும் மேடை நாடகங்களில் நடித்தவர்தான். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது பழைய வழக்கம். இவர்கள் அதைப் பத்திரமாக மடித்துக் காவல் நிலையத்தில் வைத்தார்கள். கடைசியில் எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. இத்தனை கலைஞர்கள் ஆண்ட மாநிலத்தில் கலைஞனை விடுவிக்க நீதிபதி வர வேண்டியிருந்தது.

விடுவித்து என்ன? இரண்டே வருடம். 2015 அக்டோபரில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் வீடு தேடிப் போய்ப் பிடித்தார்கள். போட்டது தேசத்துரோகப் பிரிவு. சாராயக் கடையைப் பழித்தால் தேசத்துக்கு அவமானம் என்றால், தேசம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குச் சந்தேகம் வராதா? அப்போது எதிர்க்கட்சிகள் கண்டன அறிக்கை விட்டன. 2018-இல் பிரதமரைப் பற்றிய பாட்டுக்காக அதே கோவன் மறுபடி கைதானார். மறுபடியும் கண்டன அறிக்கைகள். அறிக்கைக்கு யாரும் காவல் நிலைய அனுமதி கேட்பதில்லை.

சரி, அப்படியானால் அரசியலுக்குக் கலை வேண்டாமா? ஐயோ, வேண்டாமலா! தலைவர் வண்டி திரும்பும் முக்கில் எல்லாம் தப்பாட்டம், கரகம், பொய்க்கால் குதிரை, மயிலாட்டம். தலைவர் மூன்று மணிக்கு வருவார் என்று சொல்லிக் காலை பத்து மணிக்கே வெயிலில் நிறுத்துவார்கள். வருவது ஆறரைக்கு. அதுவரைக்கும் கரகத்தை இறக்கவும் கூடாது, நிழலில் ஒதுங்கவும் கூடாது, தலைவர் திடீரென்று வந்துவிட்டால்? குதிரைக் கூட்டுக்குள் நிற்கிறவருக்குத் தண்ணீர்ப் பாக்கெட் கொடுக்க ஆள் இருக்காது. வண்டி வந்து நாற்பது நொடியில் போய்விடும். தலைவருக்கு உற்சாகம் பொங்கினால் இறங்கி, ஒரு பறையை வாங்கி நாலு அடி அடிப்பார். மறுநாள் முதல் பக்கத்தில் படம். பறை இசைத்து மகிழ்ந்தார் என்று கொட்டை எழுத்து. பறையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பக்கத்தில் நின்றவருக்குப் பெயர் கிடையாது, ‘கிராமியக் கலைஞர்கள்’ என்ற பன்மையில் அவர் கரைந்துவிடுவார். அவர் ஊரில் மறுவாரம் நடக்கும் கூத்து, அதே பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்ற பொடி எழுத்தில், இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே, இடம் இருந்தால் வரும்.

சென்னை சங்கமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் தொடங்கியது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒயிலும் தேவராட்டமும் ஆடின, நல்ல விஷயம்தான். 2011-இல் ஆட்சி மாறியது, ஆட்டமும் நின்றது. மறுபடி ஆட்சி மாறி 2023 பொங்கலுக்குத் திரும்பி வந்தது. நடுவில் ஒயிலாட்டம் என்ன குற்றம் செய்தது என்று எந்த ஆட்சியும் சொல்லவில்லை. கலைமாமணி இன்னும் வேடிக்கை. 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுக்கான விருதுகள் ஒரே மூட்டையாக, 201 பேருக்கு, 2019 பிப்ரவரி கடைசியில் அறிவிக்கப்பட்டன. பத்துப் பதினைந்து நாளில் மக்களவைத் தேர்தல் தேதி வந்தது. ஆட்சி மாறிய பிறகு அந்தப் பழக்கம் மாறியிருக்கும் என்று நினைத்தால், 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டு விருதுகள் 2025 செப்டம்பரில் சேர்ந்து வந்தன. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். கலைக்குக் கட்சி கிடையாது என்கிறார்கள். பருவம் உண்டு போலிருக்கிறது.

அந்தப் பருவம்தான் கூத்துக்காரர் வயிற்றிலும் அடிக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் ஆடிச் சேர்ப்பதை வைத்துத்தான் ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்குப் பின்னும் குடும்பம் ஓட வேண்டும். நம் தேர்தல்களும் பெரும்பாலும் அதே மாதங்களில். நடத்தை விதி வந்துவிட்டால் அனுமதி மனு மேஜையிலேயே தூங்கும். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி அணைய வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. பத்து மணிக்குத்தான் கூத்துக்காரர் முகத்தில் அரிதாரமே காயும். விடிய விடிய ஆடினால்தான் கர்ணன் சாவான். தலைவருக்கோ பத்து மணிக்கு மேல் மைக் இல்லாமல் கும்பிட்டாலே போதும். கர்ணன் கும்பிட்டுக்கொண்டே சாக முடியுமா?

2021-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் முழுவதும் பிரசாரம். முகக்கவசம் இல்லாத ஆயிரக்கணக்கான முகங்கள், லாரியில் ஏற்றிவந்த கூட்டம், ஊருக்கு ஊர் வரவேற்புத் தப்பாட்டம். அப்போது கொரோனா யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஏப்ரல் 6-இல் வாக்குப்பதிவு முடிந்தது. ஏப்ரல் 10 முதல் கோயில் திருவிழாக்களுக்குத் தடை. முந்தைய வருஷச் சீசனும் ஊரடங்கில் போய்விட்டிருந்தது. மறு சீசனுக்கு அச்சாரம் வாங்கிச் செலவழித்தும் விட்டவர்கள், வேஷத்தோடும் பறையோடும் நாயனத்தோடும் ஆட்சியர் அலுவலக வாசல்களில் போய் நின்றார்கள். போன மாதம் அதே மேளத்துக்குக் கைகூப்பிக்கொண்டு வந்த வண்டி ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அடுத்த தேர்தலுக்கும் அச்சாரம் வரும். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, உலையில் அரிசி போடுவது நானல்லவே. ஒன்று மட்டும் சொல்வேன்: கூலி முழுவதையும் காலையிலேயே எண்ணி வாங்கி மடியில் முடிந்துகொள்ளுங்கள். தலைவர் வண்டி முக்கு திரும்பிவிட்டால் ஒன்றியச் செயலாளர் போனை எடுக்கமாட்டார்.