பக்கா

ஆங்கில அகராதிக்காரர்கள் ‘பேச்சு வழக்கு’ என்று குறிப்பெழுதி, வீட்டுக்குள் விட்டாலும் கூடத்தில் உட்கார வைக்கத் தயங்குகிற விசேஷணங்கள் சில உண்டு. அவற்றுள் ‘பக்கா’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அசல், உத்தமம், நம்பத்தக்கது, முதல்தரம் என்றெல்லாம் அதற்கு அவர்கள் அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன், ஆயினும் அந்தச் சொல்லைப் பிறந்தது முதல் காதாரக் கேட்டு வளர்ந்தவன் என்ற பாத்தியதையில் ஒரு திருத்தம் சொல்லத் தோன்றுகிறது. எந்த வஸ்துவைப் பற்றிக் கேட்பவன் மனத்தில் ஏற்கனவே சம்சயம் குடிகொண்டிருக்கிறதோ, அந்த வஸ்துவைத்தான் இந்த அடைமொழி தேடிக்கொண்டு வந்து சேருகிறது. இமயத்தைப் பக்கா மலை என்று புகழ்ந்தவர் இல்லை. பெற்ற தாயைப் பக்கா தாய் என்று கொண்டாடுவாரும் இல்லை. வீட்டுத் தரகர், “பத்திரமெல்லாம் பக்கா, சார்!” என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் அந்த க்ஷணத்திலேதான், வில்லங்கச் சான்றிதழ் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாமே என்ற ஞானம் நமக்கு உதயமாகிறது.

இத்தனைக்கும் சொல் நல்ல குலத்தில் பிறந்தது. ‘பக்வம்’ என்றால் சம்ஸ்கிருதத்தில் வெந்தது, கனிந்தது என்று பொருள். அதைத் தமிழ் பக்குவம் என்று ஏற்றுக்கொண்டு, அல்வாக் கிளறுவது முதல் ஆத்ம விசாரம் வரையில் சகல காரியங்களிலும் கௌரவமான ஸ்தானம் கொடுத்து வைத்திருக்கிறது. அதே சொல் வடக்கே ஹிந்துஸ்தானியில் பக்காவாகி, கம்பெனி துரைமார்களின் வாயில் அகப்பட்டு, கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. அண்ணன் மடத்தில் வேதாந்தம் கேட்டுக்கொண்டிருக்க, தம்பி துறைமுகத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கிறான் என்றால், இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யார் நம்புவார்கள்?

இந்தத் தம்பியின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதியைப் புரட்ட வேண்டும். அதைத் தொகுத்த இருவரில் பர்னெல் என்பவர் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனையின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த பண்டிதர். அகராதி அச்சேறுவதற்கு முன்பே, 1882-இல் காலமாகிவிட்டார். மற்றவரான ஹென்றி யூல் வங்காளத்து இஞ்சினீயர் படையில் இருந்து, பிற்பாடு பொதுப்பணி இலாகாவில் காரியதரிசியாக விளங்கியவர். செங்கல்லும் சுண்ணாம்பும் அறிந்தவர் கையில் இந்தச் சொல் அகப்பட்டால் சும்மா விடுவாரா? வெயிலில் காய்ந்த செங்கல் கச்சா, சூளையில் வெந்தது பக்கா. மண் பாதை கச்சா, சரளை போட்டது பக்கா. தற்காலிக உத்தியோகம் கச்சா, காயமானது பக்கா. தையற்காரன் அளவு பார்க்க ஓட்டுகிற தையல் கச்சா, அழுத்தித் தைத்தது பக்கா என்று உலகத்தையே இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுகிறது அந்த அகராதி. இத்துடன் நின்றிருந்தால் அது வெறும் கட்டட சாஸ்திரம். ஜுரத்திலும் கச்சா, பக்கா உண்டாம். லேசாகக் குளிர வைத்து விட்டுப் போவது முந்தியது, ஆளைக் கொண்டு போகக்கூடியது பிந்தியது. அயோக்கியர்களிலும் அப்படியே இரு ஜாதி வகுத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்க் கோர்ட்டில் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்துவிட்டு இந்த விவேகத்தை ஜட்ஜ் துரை அடைந்தாரோ! இன்றைக்கும் நம்மவர்கள் பக்கா திருடன், பக்கா ஃபிராடு என்று வாய் நிறையச் சொல்வதைக் கேட்டால், இந்தப் பட்டத்தை யாதொரு ஐயத்துக்கும் இடமின்றிச் சம்பாதித்தவர்கள் அயோக்கியர்கள் மட்டுமே என்று எனக்குப் படுகிறது.

யூல் துரை இருந்த அதே பொதுப்பணி இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா, மேற்படி அகராதியைக் கண்ணால் பாராமலே அதன்படி வாழ்ந்தவர். காபியில் டிகாக்ஷன் இறங்கியதற்கும் சங்கீத வித்துவானின் நிரவலுக்கும் அவரிடம் ஒரே அளவுகோல்தான். எங்கள் குடும்பத்துப் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜியை விண்டுகொண்டே, “பையனுக்கு உத்தியோகம் பக்காதானே?” என்று கேட்டார். பையனின் தகப்பனார், “பையனே பக்காவாச்சே!” என்று கம்பீரமாக விடை கூறினார். மாமா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது என் காதருகே குனிந்து, “வேலை கச்சாடா!” என்றார். விசாரித்ததில், கம்பெனியில் அடுத்த மாதம் கதவை இழுத்து மூடப்போகிறார்களாம்.

அப்பேர்ப்பட்டவர், தம் வீட்டு மச்சுக்குத் தாமே குடை பிடித்துக்கொண்டு நின்று தளம் போட்டார். மரச்சட்டங்களின்மேல் சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய மெட்ராஸ் தளம் அது. ஐப்பசி அடைமழையில் கூடத்து நடுவே பித்தளை அண்டா ஒன்று தாள கதியோடு ஒலித்துக்கொண்டிருந்ததைக் கண்டு நான் மேலே அண்ணாந்து பார்த்தபோது, மாமா சற்றும் கலங்காமல், “தளம் பக்காடா. மழைதான் வரம்பு மீறிப் பெய்யறது” என்றார்.

துரைமார்கள் மட்டும் விலக்கா? ‘பக்கா ஸாஹிப்’ என்று தங்களுக்குள் ஒரு பட்டம் வழங்கிக்கொண்டு, அதைக் காப்பாற்ற அவர்கள் கிளப்பில் பட்ட அவஸ்தையை, பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் ஆர்வெல் 1934-இல் வெளியான தம் ‘பர்மிய நாட்கள்’ நாவலில் இரக்கமின்றி எழுதியிருக்கிறார். பிறகு இரண்டாவது உலக யுத்தத்தில், புரளிகளுக்கு நடுவே நிஜமான சேதி ஏதேனும் அகப்பட்டால் பிரிட்டிஷ் விமானப்படையினர் அதைப் ‘பக்கா ஜென்’ என்றார்கள்.

ராஜ்யம் போன பின்னும் சொல் போகவில்லை. 1963-இல் லெஸ்டர்ஷயரில் மாவுக்கூட்டுக்குள் இறைச்சியை அடைத்துச் சுட்டு விற்க ஆரம்பித்த ஒரு கம்பெனி, ‘பக்கா பைஸ்’ என்ற பெயரில் பிரபலமாகி, கால்பந்து மைதானங்களில் ரசிகர்களின் பசியை ஆற்றியது. வெந்த பண்டத்துக்கு வெந்தது என்றே நாமகரணம்! அப்புறம் 1999-இல் பி.பி.ஸி. தொலைக்காட்சியில் ‘நேக்கட் செஃப்’ என்ற நிகழ்ச்சியோடு ஜேமி ஆலிவர் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். தலைப்பைக் கண்டு வாசகர்கள் பதற வேண்டாம். சமையலுக்குத்தான் அலங்காரம் கிடையாதே தவிர, சமையற்காரர் பூரண வஸ்திரதாரி. தாம் செய்த பதார்த்தங்களைத் தாமே ‘பக்கா’ என்று புகழ்ந்து, அந்தச் சொல்லைச் சீமை முழுவதும் மறுபடி உலவவிட்டவர் அவர். எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி அதைப் பார்க்க நேர்ந்திருந்தால், “வெந்துடுத்து, வெந்துடுத்துன்னு இத்தனை தரம் சொல்றானே, அடி பிடிச்சிருக்குமோ?” என்றுதான் கேட்டிருப்பாள்.