வாங்காத பீசுக்கு வட்டி யாரு கட்டுவா?

ஏ தாயி, உன் பல்லாஸ்பத்திரிப் புகழ் ஊரெல்லாம் பரவிப்போச்சு. "அந்தப் புள்ள தங்கமான புள்ள, காசே கேக்காது"ன்னு டீக்கடையில பேசிக்கிடுதாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. உனக்குக் கடன் குடுத்த பேங்க் மேனேசரும் அதே பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரு. அவரு முகத்துல அம்புட்டுப் பெருமை தெரியல.

உன்னைக் குத்தம் சொல்லல. 32 பல்லுக்கும் வேரு எங்க போகுது, நரம்பு எங்க ஓடுதுன்னு அஞ்சு வருசம் சொல்லிக்குடுத்தாங்க. வேலை முடிஞ்சதும் "எம்புட்டு டாக்டரம்மா?"ன்னு கேக்கிறவன் மூஞ்சியப் பாத்து ஒரு தொகையைச் சொல்ல எந்த வாத்தியாரும் பழக்கல. நீயும் கையுறையைக் கழட்டிக்கிட்டே சுவரைப் பாத்து "இருக்கிறதக் குடுங்க"ங்கிறே. அவன்கிட்ட இருக்கிறது அவன்கிட்டயே பத்திரமா இருக்கு.

வாரவனுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்து, அரசாங்கமே உன் தொழிலுக்கு விளம்பரம் பண்ணியிருக்கு.

வேர் சிகிச்சைக்கு வாரவன் கதையையே எடுத்துக்கோ. ராத்திரி பூரா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவன் விடியவும் ஓடி வாரான். நீ மரத்துப்போற ஊசியைப் போட்டு, பல்லைத் துளைச்சு, அழுகின நரம்பை எடுத்து, மருந்து வச்சுத் தற்காலிகமா அடைச்சு அனுப்புதே. வலி போச்சு. வலியோட அவனும் போயிட்டான். இன்னும் ரெண்டு தடவை வரணும், முடிவுல கேப் போடணும்னு நீ சொன்னியே, அது அவனுக்கு எட்டுனதா? வாய் மட்டுமா மரத்துச்சு, காதும்லா மரத்துப்போச்சு! ஆறு மாசம் கழிச்சுப் பல்லு உடைஞ்சு வருவான். வாரதுக்கு முன்னாலயே "அந்தம்மா கை வச்ச பல்லு நிக்காது"ன்னு ஊருக்குச் சொல்லிட்டுத்தான் வருவான். காசு வாங்காம பாத்ததுக்குக் கிடைச்ச பட்டம் இது. முதல் நாளே சிகிச்சைக்கு இம்புட்டு, கேப்புக்கு இம்புட்டுன்னு தாளுல எழுதிக் குடுத்து, பாதியை வாங்கி வச்சுப் பாரு. குடுத்த காசு போயிருமேன்னு மிச்சத்துக்கும் வந்து நிப்பான். அவன் பல்லும் பிழைக்கும்.

ஒரு பல்லு பிடுங்க உனக்கு என்ன செலவுன்னு கேட்டேன். கையுறை, ஊசி மருந்து, பஞ்சுன்னு மூணு விரலை மடக்கினே; நாலாவது விரல் மடங்கல. நாற்காலித் தவணை, கம்ப்ரசர் கரண்ட்டு, ஆட்டோக்ளேவ், வாடகை, கூட நிக்கிற புள்ளைக்குச் சம்பளம் எல்லாம் யாரு கணக்கு? எக்ஸ்ரே மிசினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துப் பதிவு வேணும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சப் பையில, ஊசி வெள்ளை டப்பாவுல போகணும். அதை அள்ளிட்டுப் போறவனுக்கும் துட்டு அழணும். உன் வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு சந்தோசப்பட்டே. நாற்காலி வாங்கையில கட்டின ஜிஎஸ்டி திரும்பி வராதுங்கிறதை யாரும் சொல்லலியா? இத்தனையும் கூட்டி, நாற்காலியில ஆள் உக்காருற மணிநேரத்தால வகு. அதுமேல உன் சம்பளத்தையும் ஏத்து. ஆமா, உனக்கும் சம்பளம் உண்டு. அதை மாசம் ஒருக்கா வீட்டுக் கணக்குக்கு மாத்திட்டு, கிளினிக் டிராயர்ல கையை விட்டு மளிகைக்கு எடுக்கிறதை நிறுத்து.

வருச வரவு 50 லட்சத்துக்குள்ள இருக்கிற டாக்டர்மாரு, அதுல பாதியை லாபம்னு காட்டிட்டுப் போக வருமான வரிச் சட்டத்துல வழி இருக்கு. நல்ல வசதிதான். உன் நிலவரத்துக்கு அது இல்லாத லாபத்தை எழுதிக் காட்டுற வசதி. ஆடிட்டரைக் கேட்டுட்டுச் செய்யி.

சொந்தக்காரங்க ராயபுரத்து ரெண்டு ரூபாய் டாக்டரை இழுப்பாங்க. ஜெயச்சந்திரன் டாக்டர் பெரிய மனுசன்தான், 2018-ல அவரு போனப்ப வடசென்னையே கூடி அழுதுச்சு. உனக்குக் கேப் செஞ்சு அனுப்புற லேப்காரனை ரெண்டு ரூபாய்க்கு அனுப்பச் சொல்லிப் பாரு, அவன் அழுவான்.

நமக்குக் கிட்டத்துலயே ஒரு ஆள் இருந்தாரு. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துச் சம்சாரி வீட்டுப் புள்ள, டாக்டர் வெங்கடசாமி. அரசாங்க வேலையில ஓய்வு வாங்கின வயசுல, 1976-ல, மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண்ணாஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. குடுக்க முடிஞ்சவன்கிட்ட வாங்கினாரு. அந்தக் காசுல இல்லாதவனுக்குச் சும்மா பாத்தாரு. வெளிநாட்டு லென்சு விலை கட்டுபடியாகலன்னதும் 1992-ல ஆரோலேப்னு வச்சு இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. அந்த மனுசன் "இருக்கிறதக் குடுங்க"ன்னு சுவரைப் பாத்துக்கிட்டிருந்தா, அந்த 11 படுக்கையோட கடை கட்டியிருக்கணும்.

இப்ப நான் பயப்படுறதைச் சொல்லுதேன். உன் டிராயர் காஞ்சு கிடக்கையில ஒருத்தன் சட்டையை இன் பண்ணிக்கிட்டு வருவான். "மேடம், ஸ்கேனுக்கு எங்ககிட்ட அனுப்புங்க, மாசக் கடைசியில கவர் வந்துரும்"பான். நான் கமிஷன் கடையில பருத்தி போட்டவன் தாயி, அந்தக் கமிஷன் யாரு தலையில விடியும்னு எனக்குத் தெரியும். உங்க பல் கவுன்சில் விதியிலயும் கமிஷன் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. ஆனா தவணைக்காரன் வாசல்ல நிக்கையில விதிப்புத்தகத்தைத் தேட மனசு வராது. அடுத்தாப்புல சும்மா அடைச்சாலே போதுங்கிற பல்லுக்குக் கேப் போட்டா என்னன்னு தோணும். முன்னூறு ரூவாயை நேரா கேக்க வெக்கப்பட்டவ, மூவாயிரத்தைச் சுத்திவளைச்சு எடுக்க வெக்கப்படமாட்டா. ஏமாத்துறவங்க எல்லாரும் பேராசைக்காரங்கன்னு நினைச்சிராத; பாதிப்பேரு கணக்குப் பாக்கக் கூச்சப்பட்டவங்க.

பீசு போர்டை வாசல்ல மாட்டு. துட்டு வாங்குற வேலையை அந்த உதவிக்கு நிக்கிற புள்ளகிட்ட விடு, அதுக்கு உன்னைமாதிரி வெக்கம் கிடையாது. மாசத்துல ஒரு புதன்கிழமை இல்லாதவங்களுக்குச் சும்மா பாக்கேன்னு அதே போர்டுல எழுது. அன்னைக்குக் காருல வந்து இறங்குற சித்தப்பன்மாரை வியாழக்கிழமை வரச் சொல்லு.

நான் நாளைக்குக் கீழ்ப்பல் செட்டைச் சரிபண்ண வாரேன். எனக்கும் பில்லு போடு. தள்ளுபடி எம்புட்டுங்கிறதை அந்தப் புள்ளகிட்டப் பேசிக்கிடுதேன்.