ஹவானா மாமா

சிங்கப்பூர் மாமா ஊருக்கு வந்துவிட்டார் என்பதைத் திருவரங்குளத்தில் மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். முன்பெல்லாம் செண்ட் வாசம் வரும். இப்போது சுருட்டு. சுருட்டு என்று வாய்விட்டுச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "சிகார்னு சொல்லு மாப்ளே."

இவர் ஒருத்தர் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் ஊருக்கு ஒரு மாமாவாவது இப்படித் தேறுவார். இருபது வருஷம் கப்பல் பட்டறையிலோ கட்டட வேலையிலோ முதுகு ஒடிய உழைத்து, கடைசியில் சூப்பர்வைசர் ஆகி, பட்ட பாட்டுக்குச் சாட்சியாக எதையாவது கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒருவருக்கு வாட்ச், ஒருவருக்குக் கூலிங்கிளாஸ். நம்மவருக்கு ஹவானா, கியூபச் சுருட்டு.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை கட்டாமல் 25 சுருட்டு வரை கொண்டுவரலாம். சுங்க விதிகளில் மாமாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எண்ணி 25, ஒரு மரப்பெட்டி. பெட்டி கைப்பையில் வரும், ரசீது சட்டைப் பையில் வரும். இரண்டில் எதை அவர் அதிகம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்று கவனித்தால் ரசீதைத்தான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கொல்லைப் பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போடப்படும். முதலில் ரசீது வெளியே வரும். மடிப்பை நீவித் தொடைமேல் வைப்பார். பிறகுதான் சுருட்டு. மோந்து பார்ப்பார். காதோரம் வைத்து மெல்ல உருட்டுவார், அது என்னமோ ரகசியம் சொல்வதுபோலத் தலையாட்டுவார். குட்டிக் கத்தரியால் நுனியை வெட்டி, தீக்குச்சி மருந்து எரிந்து தீரும்வரை காத்திருந்து, திருப்பித் திருப்பிப் பற்றவைப்பார். சுற்றியிருக்கும் தங்கநிறக் காகிதப் பட்டையைக் கழற்றவே மாட்டார். கழற்றிவிட்டால் அப்புறம் யாருக்குத் தெரியும்? நாலே இழுப்பு. தானாக அணையவிட்டு, கண்ணாடிக் குழாயில் போட்டு மூடிவிடுவார்.

"அம்பது வெள்ளி மாப்ளே. இப்பவே எட்டு வெள்ளி போச்சு."

"அவ்வளவு பெறுமாங்க மாமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரவுச் சாப்பாடு வரை பதில் ஓடியது. அதில் பிடித்தது கென்னடி கதை. 1962இல் கியூபா மீது வணிகத் தடைக்குக் கையெழுத்துப் போடுமுன், பத்திரிகைச் செயலாளர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 கியூபச் சுருட்டு வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாராம் ஜனாதிபதி. சாலிஞ்சரே பிற்பாடு சொன்ன கதை அது. மாமா சொல்லும்போது மட்டும் சாலிஞ்சர் கொஞ்சம் மாமா ஜாடையில் இருப்பார்.

நியாயமாகப் பார்த்தால் பாதி விலை பெறும் என்பது என் கட்சி. சிகரெட்போலத் தூள் அல்ல, முழு இலை. உள்ளிலை, அதைக் கட்டும் இலை, மேலே போர்த்தும் இலை என்று மூன்றையும் பல மாதம், சமயத்தில் வருஷக்கணக்கில் பதப்படுத்தி, கையாலேயே சுருட்டுகிறார்கள். அதற்குக் கூலி உண்டு. மறுபாதிதான் இடிக்கிறது. காஸ்ட்ரோவுக்காகச் சுருட்டியதில் பிறந்தது கோஹிபா என்கிற ஹவானா ரகம். 1966இல் தொடங்கி 1982 வரை கடையில் விற்கவே இல்லை. பிற நாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகப் போனது. 2022இல் அதன் விலையை உலகம் முழுக்க ஹாங்காங் விலைக்கு உயர்த்தினார்கள். இலை என்னவோ அதே இலைதான். பொற்பனங்காயைத் தங்கம் என்று அறியாமல் வணிகனிடம் கொடுத்துவிட்டுத் தானியம் வாங்கிப்போன வேடனின் கதையைச் சொல்கிற ஊர் எங்கள் ஊர். அந்தக் கணக்கை மாமா ஒருவரே நேர் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்று. வெள்ளைக்காரன் சொல்கிற 'செரூட்' நம் சுருட்டிலிருந்து போன சொல். 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, சிந்திக்கிடக்கும் சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அன்றைக்கு லண்டன் மாமாக்களுக்கு நம் சரக்குதான் சீமைச் சரக்கு. சுருட்டுக்குப் பேர்போன உறையூர், மாமா வந்திறங்கும் திருச்சி விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில்தான் இருக்கிறது. மாமா அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னதே கிடையாது.

ஹவானாவுக்குக் காற்றில் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். சித்திரை மாதத் திருவரங்குளத்தில் மனுஷனுக்கே அது கிடைக்காது. மேலிலை வெடிக்கத் தொடங்கியதும் பெட்டி ஃப்ரிட்ஜுக்குப் போனது. பக்கத்துத் தட்டில் அத்தை கட்டிவைத்த நெத்திலிக் கருவாடு. பத்து நாள் கழித்துப் பற்றவைத்த மாமா கண்ணை மூடி, "கடக்காத்து மாப்ளே! கியூபா தீவுல்ல, அந்த உப்பு இலையில ஏறியிருக்கு" என்றார். நானும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் மருமகள் மட்டும், "உள்ள இழுக்காட்டியும் வாய்ப்புத்து வரும் மாமா" என்றாள். "அது மட்டச் சரக்குக்கும்மா" என்று பதில் வந்தது.

ஆடியில் கருப்பருக்குக் கிடாவெட்டு. படையலில் சாராய பாட்டிலுக்குப் பக்கத்தில் மாமா ஒரு ஹவானாவை வைத்தார், பட்டையோடு. சாமியாடி எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தார். பிறகு அரிவாளை ஊன்றி நின்று, "சுருட்டு எங்கடா?" என்றார். யாரோ ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு கட்டு வாங்கிவந்த பிறகுதான் குறி சொன்னார். திரும்பி வரும்போது மாமா சொன்னார்: "சாமிக்கு இன்னும் நாக்குப் பழகலை."

இதற்கெல்லாம் அசையாத மனிதரைக் கடைசியில் சாய்த்தது அந்த ரசீதுதான். வியர்வையில் எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. பத்திரப்படுத்தலாம் என்று புதுக்கோட்டையில் லேமினேஷனுக்குக் கொடுத்தார். கடை பில் தாள் சூடுபட்டால் கறுக்கிற தாள். இயந்திரத்தின் மறுபக்கம் கன்னங்கரேலென்று, பளபளப்பாக வெளியே வந்தது. தேதி இல்லை, கடைப் பெயர் இல்லை, வெள்ளி இல்லை.

அன்றிலிருந்து மாமா ஒன்றைக்கூடப் பற்றவைக்கவில்லை. பெட்டியில் இன்னும் ஒன்பது இருக்கிறது, கருவாட்டுக்குப் பக்கத்தில்.