கிருமாம்பாக்கத்தில் மறைசொல் மரபு: ஒரு முன்னோட்ட ஆய்வு

விஜய் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' நிகழ்ச்சியில் ஜோடியில் ஒருவருக்கு மட்டும் ஒரு சொல் (அதுவே மறைசொல்) காட்டப்படும். அவர் ஒற்றைச் சொற்களாகக் குறிப்புக் கொடுக்க, மற்றவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதன் தோற்றம் பற்றி அறிஞரிடையே (அதாவது எனக்கும் டீக்கடைக்காரருக்கும்) கருத்து வேறுபாடு உண்டு.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1961இலேயே 'பாஸ்வேர்ட்' என்ற பெயரில் இவ்வாட்டம் நடந்தது என்பர் மேலைச் சார்பினர். ஏற்பதற்கில்லை. 1945இல் இதே புதுச்சேரி வட்டாரத்து அரிக்கமேட்டைத் தோண்டிய வீலர் ரோமானிய மண்பாண்டங்களோடு திருப்தியடைந்துவிட்டார்; மறைசொல்லைத் தேடவே இல்லை. தேடாதது இல்லாதது ஆகாது என்பதே நம் ஆய்வுலகின் முதல் விதி. மேலும், கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்துப் பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கல்விக்கூடம் இருந்ததையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாகப் போனதையும் பல்லவர் செப்பேடு சொல்கிறது. மாணவர்கள் ஓய்வில் என்ன விளையாடினார்கள் என்று மட்டும் அது வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்தைவிட வலுவான சான்று வேண்டுமா?

தொல்காப்பியர் செய்யுளியலில் பிசியை (விடுகதையை) இருவகையாக்கினார். விடை தேடுவோரை வகைப்படுத்தாது விட்டார். அக்குறையை இங்கே நீக்குகிறேன். கண்டுபிடிப்போர் திணறுவர். குறிப்புக் கொடுப்போர் அதைவிடத் திணறுவர். மூன்றாம் வகையினர் வீட்டிலிருந்து பார்ப்போர்.

இவர்களுடைய திரையில் விடை பளிச்சென்று தெரிகிறது. அதைப் படித்துக்கொண்டே "இதுகூடத் தெரியல பாரு!" என்று ஒருவர் அடையும் பெருமிதத்துக்குத் 'திண்ணைப் பேரறிவு' எனப் பெயரிடுகிறேன் (காண்க: எதிர்வீட்டு அத்தை, 'அட, தேங்காடா!', சமையற்கட்டுப் பதிப்பு, விளம்பர இடைவேளைக்குப் பின் பால் பொங்கியதால் திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு, ஒப்பிடுக: மாமா முனகிய மறுப்புரை, கரண்ட் போனதால் முற்றுப்பெறாதது). ஆக, மறைசொல் ஒரே ஒருவருக்குத்தான் மறைசொல். கிருமாம்பாக்கத்தில் பெண் பார்க்க வரும் சேதியும் அவ்வாறே: கடலூர் ரோட்டு பஸ் ஸ்டாப் வரை எல்லோருக்கும் தெரியும், பெண்ணைத் தவிர. முனைவர் பட்ட ஆய்வும் அவ்வாறே: முடிவு நெறியாளரின் திரையில் முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது; மாணவர்தான் ஆண்டுக்கணக்கில் குறிப்புக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார்.

இக்கட்டுரைக்குப் பல்கலைக்கழகங்கள் பட்டம் தர முன்வந்தால் மறுக்கமாட்டேன். நிபந்தனை ஒன்றுதான்: வாய்மொழித் தேர்வில் கேள்விகள் ஒற்றைச் சொல்லில் இருக்க வேண்டும். "நேரமின்மை கருதிச் சுருக்கமாக..." என்று தொடங்கும் தேர்வாளர் ஆட்டமிழந்தவராகக் கருதப்படுவார்.