சிங்கம் என்றொரு பயந்தாங்கொள்ளி

என் தம்பி குதிரை வாங்கினான். காணி வாங்கச் சொன்னோம், ஓட்டோ வாங்கச் சொன்னோம், ஒன்றும் வேண்டாம், வங்கியிலாவது போட்டு வை என்று சொன்னோம். தெமோதரையில் சுற்றுலாக்காரர் தங்கிப்போகும் சின்ன விடுதி ஒன்றை அவன் நடத்துகிறான். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வருகிறவர்கள் குதிரைமேல் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ள ஆசைப்படுவார்கள் என்று யாரோ அவன் காதில் ஓதிவிட்டார்கள். வந்து இறங்கியது ஒரு சாம்பல் நிறக் குதிரை. பெயர் சிங்கம். முந்திய சொந்தக்காரர் வைத்த பெயராம். நக்கல் பிடித்த மனுசன்.

வீட்டில் சிங்கம் சிங்கம்தான். பதுளை ரயில் கூவிக்கொண்டு போனால் புல்லிலிருந்து தலையைக்கூடத் தூக்காது. பக்கத்து லயத்தில் தப்பு அடித்துக் காமன் கூத்து ஆடியபோது, பழைய ரசிகர் மாதிரி வேலியோரம் நின்று பார்த்தது. இடிக்கு மட்டும் பயம். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் பதுளையை நிர்வகித்த மேஜர் ரொஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். பதுளையில் இன்றும் நிற்கிற புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததுதான். யானைக்கு அஞ்சாத ஆளுக்கே அந்தக் கதி என்றால், கொள்ளு தின்று பிழைக்கிற பிராணி இடிக்குப் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வெளியூர் போனால்தான் சங்கதி வேறு. பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தைப் பக்கம் கூட்டிப்போன அன்று, கம்பிவேலியில் மாட்டிப் படபடத்த ஒரு சொப்பிங் பையைப் பார்த்துவிட்டு சிங்கம் கோவா மூட்டைகளுக்கு நடுவே புகுந்தது. கோவாவுக்கான காசைத் தம்பி கொடுத்தான். ஒரு வாரம் எங்கள் எல்லோர் வீட்டிலும் கோவாச் சுண்டல்.

இந்தக் குதிரையைத்தான் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோவோம் என்றான். அங்கே சிறுவர்களுக்கான சின்னத் தடைதாண்டும் போட்டி ஒன்று. அவன் மகள் ஏறப்போகிறாள். நுவரெலியா சீசனைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1875 இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல் ஒரு பக்கம், மஹகஸ்தொட்ட மலையேற்றத்தில் உறுமும் கார்கள் இன்னொரு பக்கம், பாண்டு வாத்தியம், பலூன், பஞ்சு மிட்டாய், நாட்டிலுள்ள பாதிச் சனம். சொப்பிங் பைக்கே தாங்காத ஜீவன் இது.

உண்மையில் தப்பு குதிரையிடம் இல்லை. அதற்குக் கண் தலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது. கிட்டத்தட்ட 350 பாகை தெரியும். மூக்குக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும்தான் மறைவு. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பும். இத்தனை வசதியும் நம்மைத் தின்ன எது வருகிறது என்று பார்த்து முதலிலேயே ஓடுவதற்காக வந்தவை. வீட்டில் எது தின்னும், எது தின்னாது என்று அது கணக்குப் போட்டு முடித்துவிட்டது. வெளியூரில் முதலிலிருந்து போட வேண்டும். அந்த நேரத்தில் நாமும் பக்கத்தில் நின்று கைநடுங்கினால், "சரி, இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று முடிவுக்கு வந்துவிடும்.

இதை என் கொள்ளுத்தாத்தா நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். பேருக்கேற்ப அவர் துரையின் குதிரைக்குக் கொள்ளு வைத்தவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் குதிரைக்காரன். பதுளைக்கு ரயில் வந்ததே 1924 இல்தான். அதற்கு முன்பு துரைமார் மலை பார்க்கப் போவதும் குதிரையில், டவுனுக்குப் போவதும் குதிரையில். அவர்களுக்கென்று பதுளையில் ஒரு பந்தயத் திடலும் இருந்தது. பந்தய நாளில் பெரியதுரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாராம். லாயத்தைச் சுற்றி நடப்பார், கடிவாளத்தை இழுத்துப் பார்ப்பார், சேணத்தைத் தட்டுவார். அவர் நடக்க நடக்கக் குதிரைக்கு வேர்க்கும். "துரை, நீங்க போங்க, குதிரை உங்களப் பாத்துத்தான் பயப்படுது" என்று ஒரு குதிரைக்காரன் சொல்ல முடியுமா? பேர் வெட்டிவிடுவார்கள். அதனால் கொள்ளுத்தாத்தா, "அந்தப் பக்கத்துத் துரைசானி உங்களக் கூப்புடுறாங்க" என்பாராம். துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். இவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு குதிரையின் பக்கத்தில் சும்மா குந்தியிருப்பார். குதிரை நிற்கும். அம்மா சொல்லிக் கேட்ட கதை. துரைசானி விஷயத்தில் அம்மா கொஞ்சம் கூட்டியிருக்கலாம்.

கொள்ளுத்தாத்தா வெற்றிலை போட்டுக்கொண்டு கண்டதை, 2009 இல் சுவீடனில் ஆய்வாளர்கள் இதயத்துடிப்புக் கருவி கட்டிக் கண்டார்கள். ஆட்கள் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாதையில் நான்கு தடவை போக வேண்டும். நான்காம் தடவைக்கு முன்பு, "இந்த முறை குதிரை கடக்கும்போது ஒரு குடையை விரிப்போம்" என்று ஆளிடம் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் ஆளின் துடிப்பு ஏறியது. குடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லாத குதிரையின் துடிப்பும் ஏறியது. இல்லாத குடைக்கே இப்படி. எங்கள் வீட்டார் பயந்து பயந்து விரித்துவைத்திருந்த கற்பனைக் குடைகளுக்குச் சிங்கம் உயிரோடு இருந்ததே பெரிது.

தம்பியோ இணையத்தில் படித்துவிட்டு வேறு வழியில் போனான். வீட்டிலேயே நுவரெலியாவை உண்டாக்கிவிட்டால் பழகிவிடும் என்றான். ஸ்பீக்கர் கட்டிப் பைலா போட்டான், நீலத் தறப்பாளை உதறினான், கொடி கட்டினான், பட்டாசும் வெடித்தான். சிங்கம் புல் தின்றது. பக்கத்து லயத்துக் கோழிகள்தான் முட்டையிடுவதை நிறுத்தின. கோழிக்காரி வந்து ஏசிவிட்டுப் போனாள். வீட்டில் எதைக் காட்டினாலும் வீட்டுக் கணக்கில்தான் சேரும். அடிக்கடி சின்னச் சின்ன ஊர்களுக்குக் கூட்டிப்போய், ஒன்றும் செய்யாமல் நின்று புல் மேய விட்டுத் திரும்பக் கூட்டிவருவதுதான் பயன். ஹாலிஎல, அட்டாம்பிட்டிய என்று போனோம். எந்த ஊரிலும் யாரும் சிங்கத்தைத் தின்னவில்லை. அது குறித்துக்கொண்டது.

பிறகு ஆடு வந்தது. குதிரை கூட்டத்துப் பிராணி. தனியாக நிற்பதே அதற்கு முதல் பயம். அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை சீபிஸ்கெட்டும் ஆரம்பத்தில் ஓயாமல் லாயத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த பதற்றக்காரன்தான். துணைக்கு ஒரு ஆட்டை விட்டார்களாம். அது ஆட்டைப் பல்லால் கவ்வி வெளியே போட்டது. பின்னர் பம்ப்கின் என்ற சாந்தமான குதிரையும், ஒரு நாயும், ஒரு சிலந்திக் குரங்கும் அதோடு குடியிருந்தன. 1938 இல் வார் அட்மிரல் என்ற குதிரையை அது வென்றபோது பெயரெல்லாம் பயிற்றுவித்தவருக்கும் சவாரிக்காரருக்கும் போனது. குரங்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. குரங்கு வாங்கத் தம்பியும் தயார்தான், தம்பி மனைவி விடவில்லை. லயத்திலிருந்து ஒரு வெள்ளாட்டை வாங்கினோம். உலகத்தில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிராணி அது. சிங்கத்தின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது; சிங்கம் மோந்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது.

பதுளை டவுன் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில். நுவரெலியா 1,868 மீற்றரில். அந்த ஏற்றத்துக்குக் கெப்பெட்டிபொலவுக்கு மரக்கறி ஏற்றும் லொறிதான் கிடைத்தது. குதிரையை லொறியில் ஏற்றுவது பெரிய பாடு என்று பயமுறுத்தியிருந்தார்கள். உள்ளே கரட் வாசம் அடித்தது; சிங்கம் தானாக ஏறிவிட்டது. அதன் வாளி, அதன் புல், எங்கள் பீலித் தண்ணீர் கேனில், துணைக்கு ஆடு. புது ஊர்த் தண்ணீர் வாசம் வேறாக இருந்தால் குதிரை குடிக்காமல் நின்றுவிடக்கூடும். எல்லாம் சரியாகத்தான் போனது, சீதாஎலிய சீதையம்மன் கோவில் வரும்வரை.

தம்பியின் மாமியார் தோட்டத்து ஸ்டோரிலிருக்கும் ரோதமுனிச் சாமிக்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்டுத்தான் வந்திருந்தார். சீதையம்மனைச் சும்மா தாண்டக்கூடாது என்றார். தண்ணீர் காட்டச் சிங்கத்தை இறக்கிய நேரம், வழித்துணைக்கு ஒரு சிதறுதேங்காய், குதிரைக்கு முன்னாலேயே, ஓங்கி ஒரே போடு. சிங்கம் கயிற்றை அறுத்துக்கொண்டது. தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயோ, சிங்கம் அவுத்துக்கிச்சு! சிங்கம் ஓடுது, புடிங்க!"

கோவிலில் நல்ல கூட்டம். யாரும் பிடிக்க வரவில்லை. தமிழ் தெரியாத சிங்கள யாத்திரிகர்கள் கூட மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடினார்கள். மிஞ்சியவை குரங்குகள், அவை தேங்காயைப் பொறுக்கின. சிங்கம் அரைக் கட்டைகூடப் போகவில்லை. லொறிக்குள்ளிருந்து ஆடு "மே" என்றது. நின்றது, காதைத் திருப்பியது, தானே நடந்து வந்து லொறியின் பின்னால் நின்றுகொண்டது. மாமியார், "பாத்தீங்களா, அம்மன் திருப்பி அனுப்பிட்டா" என்றார். ஆட்டின் பங்கை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது?

போட்டிக்கு முதல்நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். புது இடத்தில் குதிரை உடனே படுத்துவிடாது. நின்றபடி கண்ணயரும், ஆனால் காலை மடக்கிப் படுத்துத் தூங்கினால்தான் முழுத் தூக்கம். அதற்கு மனசு ஆற வேண்டும். பக்கத்துத் தடுப்புக்களில் முன்பின் தெரியாத குதிரைகள். நம் ஆட்களுக்கு இது விளங்கும்: மாணிக்கவாசகர் கதையில் பாண்டியனின் லாயத்துக்கு வந்த வெளியூர்ப் பரிகள் எல்லாம் நடுராத்திரியில் நரியாகி, உள்ளூர்க் குதிரைகளைக் கடித்துக் குதறின. சிங்கம் திருவிளையாடல் படித்திருக்காது. ஆனால் ராத்திரி முழுக்க இரு பக்கத்துக் குதிரைகளையும் அது பார்த்த பார்வையில் அந்தச் சந்தேகம் இருந்தது.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. தவணைப் பரீட்சைத் தாள்கள் கையில். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினேன். தரம் எட்டு மாணவர்களைப் பல வருடங்கள் மேய்த்தவளுக்கு உலகத்தில் திடுக்கிட எதுவும் மிச்சமில்லை. போட்டியில் யார் வென்றால் எனக்கென்ன? என் கவலையெல்லாம் தாள்கள் முடிய வேண்டும் என்பது. இப்படி முழுதாக அலுத்துப்போன ஒரு மனுஷியைச் சிங்கம் நெடுநேரம் பார்த்தது. கழுத்தைத் தாழ்த்தியது. பெருமூச்சு விட்டது. ஆடு ஒரு பையனின் வரலாற்று விடைத்தாளைத் தின்றது. அவனுக்கு எத்தனை புள்ளி போட்டேன் என்பதை இங்கே எழுதுவது உசிதமில்லை.

காலையில் மைதானத்தைச் சுற்றி நடத்திக் காட்டினோம், முதலில் வலமாக, பிறகு இடமாக. ஒரு பக்கமிருந்து பார்த்துப் பழகிய பொருளை மறுபக்கமிருந்து பார்த்தால் குதிரை புதுப்பொருள் என்றே நினைக்கலாம். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டினும் கூட்டாளிகளும் பிள்ளைகள் விளையாடும் சாமான் ஒன்றைக் குதிரைகளுக்குப் பழக்கிவிட்டு, பிறகு அதைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். குதிரைகள் மறுபடி மிரண்டன. குப்பைத்தொட்டியை ஒரு பக்கம் சிங்கம் முறைத்துப் பார்த்தது. மறு பக்கமும் முறைத்துப் பார்த்தது. முறைக்கட்டும் என்று நின்றோம். அடித்து இழுத்தால், அந்தப் பொருளோடு அடியும் சேர்ந்து பயமாகிவிடும். கிரேக்கத்தில் செனபோன் 2,300 வருடத்துக்கு முன்பே இதை எழுதி வைத்துவிட்டுப் போனார்: மிரட்டும் பொருளை முதலில் நீயே தொட்டுக் காட்டு, பிறகு குதிரையை மெல்லக் கூட்டிப்போ. நான் குப்பைத்தொட்டியைத் தொட்டேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மிச்சமிருந்தது தம்பிதான். நகம் கடிக்கிறான், சேணப்பட்டியை இழுக்கிறான், "அக்கா, காது நிமிருது பாருக்கா" என்கிறான். பரம்பரை வைத்தியத்தைப் பிரயோகித்தேன். "ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஒன் விடுதியப் பத்தி விசாரிச்சுக்கிட்டு கேட் கிட்ட நிக்குது" என்றேன். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

பிள்ளை ஏறினாள். அவளுக்குப் பயம் கிடையாது. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் இருந்தாள். ஏழெட்டுத் தடைகளில் இரண்டு கம்பு விழுந்தது, மற்றதெல்லாம் தாண்டியது. கடைசித் தடைக்குப் பக்கத்தில் ஒரு பையனின் பலூன் படாரென்று வெடித்தது. சிங்கம் ஒரு காதை மட்டும் திருப்பியது. வேலியோரம் வந்து சேர்ந்திருந்த என் தம்பி மூன்றடி துள்ளி ஒரு பஞ்சு மிட்டாய்க்காரர்மேல் விழுந்தான். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மாமியார் மட்டும் அடுத்த வருடத்துக்கு இரண்டு தேங்காய் என்று இப்போதே நேர்ந்து வைத்திருக்கிறார்.

ஏப்ரலில் நுவரெலியா வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குதிரை நிற்கிற பக்கம் வந்தால் பின்னாலிருந்து வராதீர்கள், முகத்துக்கு நேரே கையை நீட்டாதீர்கள். தோள் பக்கமாக, ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். எதைப் பேசினாலும் பரவாயில்லை, விலைவாசியைப் பற்றிப் பேசினாலும் சரி. மழை வந்தால் கொஞ்சம் தள்ளிப்போய்க் குடையை விரியுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் தூர நின்று பாருங்கள், அதற்கு ஒன்றும் வெட்கப்பட வேண்டாம். தேங்காயை மட்டும் கோவிலுக்குள்ளேயே உடைத்துவிட்டு வாருங்கள்.