ஆனியில் ஏற்றினால்தானே ஆடியில் இறக்கலாம்

என் மாமனார் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேலை விற்று ஓய்வு பெற்றவர். வாடிக்கையாளர் மனோதத்துவம் பற்றி அமெரிக்கர்கள் எழுதிக் குவித்த புத்தகம் எதையும் படித்ததில்லை. படித்திருந்தால் ராயல்டி கேட்டிருப்பார்.

ராபர்ட் சியால்டினி 1984-இல் ஒரு புத்தகம் போட்டார். சின்ன உபகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டவன் பதிலுக்கு ஏதாவது செய்யாமல் இருக்கமாட்டான் என்பது அதில் ஒரு விதி. மாமனார் கணக்கில் அதன் விலை ஒரு பாட்டில் கலர். "உள்ள வந்து உக்காந்ததும் கலரைக் குடுத்துரணும் மாப்ள. குடிச்ச வாய் வேணாம்னு சொல்லாது." முதலில் காதில் விழும் எண்தான் அடுத்த கணிப்பைத் தன் பக்கம் இழுக்கும் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதினார்களே, அதுவும் இவருக்குப் பாலபாடம். முதலில் விலை கூடிய பட்டுச்சேலையைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு எதைக் காட்டினாலும் "பரவாயில்லையே" என்பார்களாம்.

இப்பேர்ப்பட்டவர் ஆறு மாத விசாவில் சிட்னிப் பக்கம் பரமட்டாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேரனைப் பார்க்க என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. வந்த மறுநாளே "இங்க பெரிய கடை எது?" என்றார்.

வெஸ்ட்ஃபீல்டுக்குக் கூட்டிப்போனேன். 1975-இல் திறந்த மால். இந்த வெஸ்ட்ஃபீல்ட் வம்சமே இங்கிருந்து மேற்கே சில ஸ்டேஷன் தள்ளி, பிளாக்டவுனில்தான் ஆரம்பம். ஃபிராங்க் லோவி, ஜான் சாண்டர்ஸ் என்று ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த இருவர் அங்கே ரயிலடியில் சாப்பாட்டுச் சாமான் கடை நடத்தி, 1959-இல் முதல் மாலைக் கட்டினார்கள். "ரயிலடியில கடை போட்டவன் கெட்டதா சரித்திரமே இல்ல" என்று மாமனார் அங்கீகாரம் வழங்கினார்.

துணிக்கடை ஒன்றில் நுழைந்தோம். ஒரு சின்னப்பெண் வந்து சிரித்து, உதவி வேண்டுமா என்று கேட்டாள். சும்மா பார்க்கிறோம் என்றேன். இன்னொரு முறை சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மாமனார் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ள, போயிருச்சு?"

"சும்மா பாக்கிறோம்னு சொன்னேன்ல, மாமா."

"சும்மா பாக்கிறவன்கிட்டதான வியாபாரமே! வாங்கணும்னு வந்தவனுக்கு நான் எதுக்கு?"

முப்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டால், மடிக்கப்போகிறவனைப் பார்த்தே பாதிப்பேர் ஒன்றை எடுத்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். இங்கே துணியை வாடிக்கையாளரே எடுத்து, அவரே போட்டுப் பார்த்து, அவரே கொண்டுவந்து மாட்டுகிறார். யாருக்கும் யார்மீதும் பரிதாபம் வர வழியில்லை. அவர் வாழ்நாள் வித்தை முழுவதும் இங்கே விலைச்சீட்டுக்குள் போய்விட்டது என்பது அவருக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது.

அந்த வாரத்தில் அவர் செய்த முதல் காரியம், 9 டாலர் 99 சென்ட்டுக்கு ஒரு பனியன் எடுத்து, பத்து டாலர் நோட்டை நீட்டிவிட்டு, மீதி ஒரு சென்ட்டுக்காகக் காத்து நின்றது. ஆஸ்திரேலியா ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளை 1992-லேயே புழக்கத்திலிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் பத்துதான். காசை ஒழித்தவர்கள் 99-ஐ மட்டும் தொடவில்லை. "நம்ம பாட்டாக் கடைச் செருப்பு விலைதான்" என்று அவரே சமாதானமானார்.

சூப்பர் மார்க்கெட்டில்தான் அவருக்குச் சொந்த ஊர் தெரிந்தது. மஞ்சள் தள்ளுபடிச் சீட்டுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவருக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். 2024 செப்டம்பரில் இங்குள்ள நுகர்வோர் ஆணையம் கோல்ஸ், வுல்வொர்த்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் இரண்டையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. நூற்றுக்கணக்கான சாமான்களின் விலையைக் கொஞ்சநாள் ஏற்றிவைத்து, பிறகு கொஞ்சம் இறக்கி, விலை குறைந்தது என்று சீட்டு ஒட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆணையம் காட்டிய உதாரணங்களில் ஒன்று வுல்வொர்த்ஸில் விற்ற ஓரியோ பிஸ்கட்: கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்கு மூன்றரை டாலர், பிறகு 22 நாள் ஐந்து டாலர், அதன்பின் 'விலைக் குறைப்பு' என்ற சீட்டோடு நாலரை டாலர். நிறுவனங்கள் இரண்டும் குற்றச்சாட்டை மறுத்து வழக்காடின.

மாமனார் சாட்சி சொல்ல வந்தவர்போல நிமிர்ந்தார். "இதுக்கா மாப்ள கேசு? ஆனியில ஏத்தினாத்தான ஆடியில இறக்க முடியும்?"

ஆனால் சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டதும் முகம் மாறியது. பெரிய கடைகள் இதை எழுதியே தீரவேண்டும் என்று 2009-லிருந்து விதி இருக்கிறது. "இத எழுதிப்புட்டா அப்புறம் என்னத்த வியாபாரம் பண்றது?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

கல்லாவில் நின்ற பையன், வாரக் கடைசிக்கு என்ன திட்டம் என்று கேட்டான். புன்னகையும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983-இலேயே எழுதிவிட்டார். இப்படிக் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. மாமனார் பதில் சொன்னார். சனிக்கிழமை மேஸ்ஹில் முருகன் கோயில், அங்கே பிரசாதம், ஞாயிற்றுக்கிழமை வென்ட்வொர்த்வில்லில் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, சம்பந்திக்குச் சர்க்கரை. நான் மொழிபெயர்க்க, பின்னால் வரிசை வளர்ந்தது. பையன் மட்டும் கையை நிறுத்திக் கேட்டான். அவனிடம் அதுவரை யாரும் பதில் சொன்னதில்லை போலிருக்கிறது.

அவருக்குப் பிடித்த கடை ஆல்டி. காரணம் விலை அல்ல. கல்லாவில் இருக்கும் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பலமாடிக் கடைக்கு மாறியபின் மாமனார் பகல் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளி சித்தாந்தம். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல். அவர் கால் நரம்புகள் அதற்கு முன்பே சுருண்டுவிட்டன.

ஆல்டியில் நடுவரிசை ஒன்று உண்டு. புதன், சனிக்கிழமைகளில் புதுச்சரக்கு வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். மே மாதம் பனிச்சறுக்கு உடுப்பு வரும்போது கூட்டம் நெரியும். பால் வாங்கப் போன மாமனார் பனிச்சறுக்குக் கையுறை இரண்டு ஜோடியோடு வந்தார்.

"மாமா, மதுரைக்கா?"

"கடைசி ரெண்டு ஜோடி மாப்ள. பக்கத்துல ஒருத்தன் கைய நீட்டிட்டான்."

"போட்டுக்கிட்டு எங்க போவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். நாற்பது டிகிரி வெயிலுக்கு ஒரு நியாயம் கண்டுபிடிப்பது சேலை விற்றவருக்குப் பெரிய விஷயமில்லை.

"என் தம்பி ஜிகர்தண்டாக் கடையில ஐஸ் பெட்டிக்குள்ள கைய விடுறான்ல, அவனுக்கு ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"எதுத்த கடைக்காரனுக்கு வித்துருவேன். முதல்ல அவனுக்கு ஒரு கலர் வாங்கிக் குடுக்கணும்."